அக்கி எழுதுங்க, ஆனா அந்த மூணு நாளைத் தொலைச்சிடாதீங்க

காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரத்தில் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வரும். எரியும், உடையும், பொருக்குத் தட்டும், ஏழெட்டு நாளில் காணாமல் போகும். பரீட்சை நேரத்தில் நம்ம வகுப்பிலேயே ரெண்டு மூணு பேர் உதட்டில் இதைப் பார்க்கலாம். கேட்டால் "உடம்பு சூடு மச்சி" என்பான். வீட்டில் கேட்டால் "காய்ச்சல் வாய் வழியா வெளியே போகுது" என்பார்கள். இன்னும் சிலர் "இது அக்கி, குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கிட்டு வா" என்பார்கள்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்து எழுதுவது ரொம்ப சுலபம். என் கட்சி அது இல்லை. உதட்டுக் கொப்புளத்துக்கு வீட்டில் எதைப் பூசினாலும் பெரும்பாலும் பெரிய நஷ்டம் இல்லை. அதில் கிடைத்த நம்பிக்கையைக் கொண்டுபோய் வேறொரு நோயில் முதலீடு செய்கிறோம் பாருங்கள், அங்கேதான் நஷ்டம்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் செய்யும் வேலை. பெரும்பாலும் சின்ன வயதில் முத்தத்தாலோ எச்சிலாலோ ஒட்டிக்கொள்கிறது. முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டால் ஆயுளுக்கும் அங்கேயேதான். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனக்கவலை, பெண்களுக்கு மாதவிலக்கு, இப்படி ஏதாவது ஒன்று வரும்போது நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேருக்கு, அதாவது நூற்றுக்கு 64 பேருக்கு, இந்த வைரஸின் முதல் வகை இருக்கிறது. அதனால் "ஹெர்பிஸ்" என்ற பெயரைக் கேட்டதும் ஒருத்தனுடைய ஒழுக்கத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை!

இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடலாம். வாய்க்கு உள்ளே வெள்ளையாகக் குழி விழும் வாய்ப்புண் வேறு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்வது அதற்கு. உதடு சேரும் மூலையில் வெடிப்பது வேறு. சத்துக் குறைவாலோ பூஞ்சையாலோ வரலாம். உதட்டின் வெளி ஓரத்தில் கொத்தாக நீர் கோர்த்து வந்தால் அதுதான் நாம் பேசும் ஆள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். நம் வீடுகளில் கேள்விப்படுகிற பட்டியல் இது:

1. தேங்காய் எண்ணெய், கற்றாழை: குணப்படுத்தும் என்று சொல்ல முடியாது. காய்ந்து வெடிக்காமல் வைத்திருக்கும், எரிச்சல் குறையும். தாராளமாகப் பூசலாம்.

2. ஐஸ் கட்டி: துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தால் வலிக்கு இதம்.

3. தேன்: இது கொஞ்சம் சுவாரசியம். நியூசிலாந்தில் 952 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்துத் தரத்தில் சுத்தம் செய்த கனுகா தேனும், இன்னொரு குழுவுக்கு அசைக்ளோவிர் களிம்பும் கொடுத்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. தேனுக்கு 9 நாள், களிம்புக்கு 8 நாள், பெரிய வித்தியாசம் இல்லை. "பார்த்தியா, தேன் ஜெயிச்சுடுச்சு" என்று குதிக்க வேண்டாம். சும்மா விட்டாலும் ஏறக்குறைய அத்தனை நாளில்தான் ஆறும். களிம்பின் பலனும் கொஞ்சம்தான் என்பது இதில் இருக்கும் இன்னொரு செய்தி. (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.)

4. சுண்ணாம்பு, பூண்டு, பற்பசை: தயவுசெய்து வேண்டாம். உதட்டுத் தோல் மெல்லியது, வெந்துபோகும்.

5. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் கலவைக் களிம்பு: இது வீட்டு வைத்தியத்தைவிட மோசம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலின் எதிர்ப்பைக் குறைத்து வைரஸுக்குக் கதவு திறந்துவிடும்.

நான் படிப்பது பி.காம். எங்கள் பாஷையில் சொன்னால், இங்கே வரவு தப்பான பேரேட்டில் ஏறுகிறது. ஏழெட்டு நாளில் தானாக ஆறும் புண்ணுக்கு நாலாவது நாள் எதைப் பூசினாலும் அடுத்த நாலு நாளில் அது "குணப்படுத்திவிடும்". உழைத்தது உடம்பு, பெயர் தேனுக்கு. இந்த அளவோடு நின்றால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

ஆனால் நிற்பதில்லை. "அக்கி" என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு நோயை அடக்கி வைத்திருக்கிறோம். ஒன்று இந்த உதட்டுக் கொப்புளம். இன்னொன்று சின்னம்மை வைரஸ் பல வருஷம் நரம்பில் தூங்கிவிட்டு, வயதான பிறகு விழித்துக்கொண்டு, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இடுப்பிலோ மார்பிலோ நெற்றியிலோ பட்டையாகக் கிளம்புவது. நம் ஊர்ப் பக்கம் அக்கி என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: அக்கி எழுதுதல்.

பார்க்காதவர்களுக்காக: மண்பாண்டம் செய்பவர் காவிக்கல்லை உரைத்து, கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் பூசி எழுதுவார். சிங்கம், நாய் உருவம் வரைவதும் உண்டு. பொதுவாக மூன்று நாள் எழுதுவார்கள், அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். ஆஸ்பத்திரியில் அரிப்புக்குக் கொடுக்கும் காலமைன் லோஷனின் இளஞ்சிவப்பு நிறமும் இரும்பு ஆக்சைடால் வருவதுதான். பூசினால் குளிர்ச்சியாக இருக்கிறது, கொப்புளம் காய்கிறது என்று மக்கள் சொல்வதில் வியப்பில்லை. எழுதுபவரும் இதை வைத்து மாளிகை கட்டிவிடவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டுவது அநியாயம்.

பிரச்சினை அந்த மூன்று நாள். இரண்டாவது வகை அக்கிக்கு மாத்திரை இருக்கிறது. அசைக்ளோவிர் என்று பெயர். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாக இருக்கும். 72 மணி நேரம் என்றால் எத்தனை நாள்? அதே மூன்று நாள்! எழுதி முடித்து, காய்ந்த காவியைக் கழுவிவிட்டு, "இன்னும் வலிக்குதே" என்று பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நல்ல நேரம் முடிந்திருக்கும். புண் எப்படியும் சில வாரத்தில் ஆறிவிடும், எழுதியவருக்கும் பெயர் கிடைக்கும். ஆனால் வயதானவர்கள் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட நிற்கும். சட்டை உரசினாலே துடிப்பார்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணே போகலாம். இதை யாரும் அக்கி எழுதிய கணக்கில் செலவாக எழுதுவதில்லை, "வயசாயிடுச்சு" என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

எங்கள் ஏலாக்குறிச்சிக்காரர்களுக்கு மண் வைத்தியம் புதிதில்லை. வீரமாமுனிவர் இங்கே இருந்த காலத்தில் அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து, எந்த வைத்தியத்துக்கும் கேட்காமல், முனிவர் இந்த மண்ணைப் பூசிக் குணமாக்கினார் என்றும், அந்த நன்றிக்கு மன்னர் அடைக்கல மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: குணமான மன்னர் நிலம் எழுதி வைப்பார், கதை முந்நூறு வருஷம் நிற்கும். குணமாகாதவர் என்ன எழுதி வைப்பார்? எல்லா ஊர் வைத்தியக் கதைகளிலும் ஜெயித்தவர்களின் பெயர் மட்டும்தான் நம் காதுக்கு வந்து சேர்கிறது.

இன்னொன்று, அந்தக் காலத்தில் வேறு வழி குறைவு. இப்போது இருக்கிறது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. எதற்கும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டிய நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதனால் நான் கேட்பது வரிசையை மாற்றுங்கள் என்பது மட்டுமே. முதல் நாள் டாக்டர், அப்புறம் மனசுக்கு வேண்டுமானால் குயவர். குறிப்பாக இவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது:

* கண்ணுக்குப் பக்கத்திலோ நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தவர்கள்
* பட்டையாக ஒரே பக்கம் வந்த, 50 வயதைத் தாண்டியவர்கள்
* கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள்
* பச்சைக் குழந்தைகள்

உதட்டில் கொப்புளம் இருக்கும்போது பிள்ளை பார்க்கப் போனால் முத்தம் வேண்டவே வேண்டாம். நமக்கு ஒரு வாரத்து எரிச்சல். பிறந்த குழந்தைக்கு அதே வைரஸ் மூளை வரை போய் உயிரையே எடுக்கலாம். "என்னம்மா இது, தொடக்கூடாதா?" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, கோபிக்கட்டும்.

எனக்கு இன்னொரு ஆசை உண்டு. ஊரில் அக்கி வந்தவர் பலரும் முதலில் போய் நிற்பது எழுதுபவர் வாசலில். டாக்டருக்கு முன்னால் நோயைப் பார்ப்பவர் அவர். சுகாதாரத் துறை அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கண் பக்கம் இருந்தா எழுதாம அனுப்பிடுங்க, மத்தவங்களை எழுதினதும் அன்னைக்கே அனுப்பிடுங்க" என்று சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாம் நூறு பேர் சொன்னாலும் கேட்காத தாத்தா, அவர் ஒரு வார்த்தை சொன்னால் பஸ் ஏறிவிடுவார்.

உங்கள் ஊரில் அக்கி எழுதுபவர் இருக்கிறாரா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் இந்த 72 மணி நேரக் கணக்கைப் பேசிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள்.