விரைவும் செலவும்

'ஸ்போர்ட் ரூறிங்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்று ஜேர்மனியிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கேட்டெழுதியிருந்தார். கேள்வி சொல்லாக்கம் பற்றியது மட்டுமன்று என்பது இரண்டாம் பந்தியில் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளை அவர் மாற்ற எண்ணியிருக்கின்றார். அவ்வகையில் இன்று எதை வாங்கலாம் என்பதே அவருடைய கவலை. தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று வாசகர் நகைக்கலாம். ஆயினும் இலக்கணத்தைக் கொண்டே விடைகாண முயன்றேன். முயன்றபோது ஐரோப்பியச் சந்தையில் நிகழ்ந்துவரும் மாற்றமொன்றும் துலங்கிற்று.

பயணத்தைச் செலவு என்பது நம் பழைய வழக்கு. (பணம் கழிதற்கும் இன்று அச்சொல்லே நிற்பது இவ்விடத்துக்கு மிகவும் பொருத்தம்.) ஆகவே 'விரைவு', 'செலவு' என்னும் இரு சொற்களையும் புணர்த்திப் பார்க்கலாம். இடையில் ஒற்று மிகுமா? 'விரைவு செலவு' என மிகாது நின்றால் அஃது உம்மைத்தொகை; விரைவும் செலவும் நிகரானவை. 'விரைவுச் செலவு' என மிகுந்தால் விரைவையுடைய செலவு என விரியும். செலவே தலைமை, விரைவு அதற்கு அடை. இவ்வகை வண்டிகளின் ஐம்பதாண்டு வரலாறு இந்த ஒரு சகர ஒற்றில் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

1976 இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட 'ஆர் 100 ஆர்.எஸ்.' என்னும் வண்டியிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இத்தாலியில் பினின்பரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் பரிசோதித்து, முகப்பு முழுவதையும் மூடும் உறையோடு அதனை ஆக்கினர். உறை அழகுக்காக மட்டும் வந்ததன்று. காற்றைப் பிளக்க வேண்டிய வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். மணிக்கு 100 கிலோமீற்றரில் செல்பவர் 130 க்கு ஏறினால் அவ்வலு இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். அக்காற்றை நெஞ்சில் ஏந்திக்கொண்டு நாள் முழுதும் ஓட மனித உடம்பால் இயலாது. பின்னர் 1990 அளவில் ஹொண்டாவின் 'பான் யூறோப்பியன்', 2001 இல் யமகாவின் 'எவ்.ஜே.ஆர். 1300' என இவ்வினம் பெருத்தது. பெரிய எஞ்சின், பெரிய பெற்றோல் தாங்கி, பக்கப் பெட்டிகள், சங்கிலிக்குப் பதிலாக உறைக்குள் இயங்கும் சுழல்தண்டு. இவையெல்லாம் ஒற்று மிகுந்த வண்டிகள்.

என் மாணவரிடம் இருப்பதும் அந்த எவ்.ஜே.ஆர். தான். குறை எதுவும் இல்லையாம். ஒன்றே ஒன்று, அதன் எடை ஏறத்தாழ 290 கிலோகிராம். ஓடும்போது அது தெரிவதில்லை. சாய்வான தரிப்பிடத்தில் பின்னோக்கித் தள்ளும்போது முழங்கால் சொல்லிவிடுகின்றது. அவருக்கு வயது நாற்பத்தாறு.

ஆனால் அதே வண்டியின் புதியதொன்றை அவர் விரும்பினாலும் அங்கே வாங்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 5 புகைவிதி 2021 இல் புதிதாக விற்கும் வண்டிகள் அனைத்துக்கும் விரிந்தது. குறைவாக விற்கும் பழைய எஞ்சினைத் திருத்தப் பணம் போடுவதிலும் நிறுத்திவிடுவது இலாபம் என்று நிறுவனங்கள் கண்டன. வாங்குவோரும் மாறிவிட்டனர். நிமிர்ந்து அமரும் உயர்ந்த வண்டிகளே அவர்களை ஈர்க்கின்றன, பி.எம்.டபிள்யூ.வின் 'ஜி.எஸ்.' ஜேர்மனியில் பல்லாண்டாக விற்பனையில் முதலிடம் வகிக்கின்றது. காட்டுவழிக்கென ஆக்கியதை வாங்கித் தார்வீதியில் மட்டும் ஓடுவோர் அவர்களுள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

எஞ்சியிருப்பவை யாவை? 2025 இல் பி.எம்.டபிள்யூ. இரண்டைப் புதுப்பித்தது. 'ஆர் 1300 ஆர்.டி.' ஏறத்தாழ 280 கிலோகிராம்; காற்றுமறைப்பும் பின்னிருக்கையும் சிறந்தன, முழங்காலின் முறைப்பாடு மட்டும் தீராது. 'ஆர் 1300 ஆர்.எஸ்.' ஏறத்தாழ 245. சுழல்தண்டு உண்டு, எனினும் முன்குனிந்து அமரவேண்டும், தாங்கியும் சிறிது. யமகாவின் 'ட்ரேசர் 9', மூன்று சிலிண்டர், 890 சி.சி., ஏறத்தாழ 220; இதில் சங்கிலி. இங்கு ஒற்று மறைந்து, உம்மைத்தொகை மீண்டுவிட்டது.

பெரிய தாங்கி போய்விட்டதே என்று மாணவர் வருந்துகின்றார். கணக்கைப் பார்ப்போம். 25 இலீற்றர் கொண்ட பழைய வண்டி நூறு கிலோமீற்றருக்கு ஆறு இலீற்றரை அண்டிக் குடிக்கும். நானூறு கிலோமீற்றரளவில் நிற்கும். புதிய ட்ரேசரின் 19 இலீற்றர், நூற்றுக்கு ஐந்தென்றால், 380 வரை செல்லும். இழப்பு இருபது கிலோமீற்றரே. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கின்றது. சங்கிலிக்குச் சில நூறு கிலோமீற்றருக்கொருமுறை எண்ணெயிட வேண்டும். மழைநாட் பயணத்தில், விடுதி வாசலில், இரவில் அதைச் செய்யவேண்டும். இருவரும் மூன்று பெட்டிகளுமாக ஏறும்போது, பதிவுப் பத்திரத்தில் அனுமதித்த மொத்த எடையையும் பார்க்கவேண்டும். இலகுவான வண்டி எல்லாச் சுமையையும் ஏற்கும் என்பது விளம்பரப் படத்தில் மட்டுமே மெய்.

அப்பத்திரத்தில் வேறோர் எண்ணும் உண்டு; பலர் அதனை நோக்குவதில்லை. வண்டி நிற்கும்போது எழும் ஒலியின் அளவு அது. ஒஸ்திரியாவின் ரிறோல் மாநிலம், லெக் பள்ளத்தாக்கை அடுத்த சில மலைவீதிகளில், 95 டெசிபலுக்கு மேற்பட்ட வண்டிகளை 2020 கோடையில் தடைசெய்தது. பின்வந்த கோடைகளிலும் அத்தடை தொடர்ந்தது. புகைக்குழலை மாற்றியவர்க்கு மட்டுமன்றி, தொழிற்சாலையிலிருந்து சட்டப்படி வந்த வண்டிக்கும் அது பொருந்தும். ஓட்டுநர் சங்கங்கள் சினந்தன. நானோ பள்ளத்தாக்கில் வாழ்வோர் பக்கமே. ஞாயிறு தோறும் கதவடைத்து இருப்பது எளிதன்று. என் மாணவர் ஆண்டுதோறும் மனைவியாரோடு 2,757 மீற்றர் உயரமுள்ள ஸ்ரெல்வியோ கணவாய்க்குச் செல்வது அப்பகுதி வழியாகத்தான்.

எம் நாட்டில் 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இலேயே மீளத் திறந்தது. 'அடுத்த வண்டி' என்னும் சொல்லே ஐந்தாண்டுகள் எமக்கு வழக்கிழந்திருந்தது. அதனாற்போலும், தெரிவுகள் மிகுந்தவரின் கவலை எனக்கு முதலில் சிறிதாகத் தோன்றியது. அவரோ வண்டியை மட்டும் எண்ணவில்லை; இன்னும் எத்தனை கோடை அந்தக் கணவாய்க்கு இருவராக ஏறலாம் என்றே எண்ணுகின்றார்.

ஆதலால் எடை குறைந்ததையே கொள்க என்று எழுதினேன். மலையில் ஓடுவது ஆண்டில் ஒரு வாரம். தரிப்பிடத்தில் தள்ளுவது ஒவ்வொரு நாளும். ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தேன். கடைக்காரர் தரும் பரீட்சை ஓட்டத்துக்கு மனைவியாரையும் அழைத்துச் சென்று, ஒரு மணி நேரமாவது பின்னிருக்கையில் அமரச் செய்யவேண்டும். பின்னர் அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதவேண்டும். விடை இன்னும் வரவில்லை.