எழுதியவரும் வாசித்தவரும்

கண்டி மாநகரிலிருந்து நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனைப் பள்ளத்தாக்கில், 1952 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் குடிபுகுந்தது. அப்பொழுது அதன் துணைவேந்தராக விளங்கியவர் சர் ஐவர் ஜெனிங்ஸ். பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர் என்றே அவரை நம் மாணவர் அறிவர். சோல்பரி அரசியற்றிட்டத்துக்கு அடிப்படையாய் அமைந்த அமைச்சர்களின் வரைவை ஆக்குவதில் டி. எஸ். சேனநாயக்காவுக்கு உறுதுணையாய் நின்ற சட்ட அறிஞரும் அவரே என்பதைச் சிலரே நினைவிற் கொள்வர்.

அந்த யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையோரின் காவலெனக் கருதப்பட்டது. ஓர் இனத்தார்க்கோ மதத்தார்க்கோ மற்றையோர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டமும், மற்றையோர்க்கு இல்லாத சலுகையை அளிக்கும் சட்டமும் செல்லா என்பது அதன் கருத்து. ஆயினும், யாப்பு தானே பேசுவதில்லை. வாசிப்போர் வாயிலாகவே பேசுகின்றது. வாசிப்போர் யார், அவரை அந்த ஆசனத்தில் அமர்த்தியவர் யார் என்பவற்றைப் பொறுத்தே ஒரு நாட்டின் யாப்புச் சட்டம் உருப்பெறுகின்றது.

இதற்கு அமெரிக்க வரலாறு தக்க சான்று. 1801 இல், பதவியை விட்டு நீங்கும் தறுவாயில், ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் நியமித்த பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல். யாப்புக்கு முரணான சட்டம் செல்லாதெனக் கூறும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென 1803 இல் அவர் தீர்ப்பளித்தார். அவ்வதிகாரம் யாப்பில் வெளிப்படையாய் எழுதப்பட்டிருக்கவில்லை. கறுப்பின மக்களை வேறாக ஒதுக்கிவைத்தல் சமத்துவத்துக்கு முரணன்று என 1896 இல் உரைத்த அதே நீதிமன்றம், 1954 இல், ஐசன்ஹோவர் நியமித்த ஏர்ல் வாரனின் தலைமையில், அரசாங்கப் பாடசாலைகளில் அவ்வாறு ஒதுக்குதல் முரணே என ஒருமனதாய்க் கூறிற்று. இடைப்பட்ட 58 ஆண்டுகளில் சமத்துவம் பற்றிய வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை, வாசித்தவரே மாறினர்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் வென்ற கே. இராஜலிங்கமும் அவ்வெழுவருள் ஒருவர். மறு ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டுக் குடியுரிமையற்றோரின் வாக்கு பறிக்கப்பட்டது. கண்டிக்கு மேற்கே, கேகாலைப் பகுதியிலுள்ள ருவன்வெல்லைத் தொகுதியில், கோடக்கன் பிள்ளை என்பார் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கவேண்டுமென வழக்காடினார். இடாப்பைத் திருத்தும் அலுவலர் அவர் பக்கமே நியாயமுண்டெனக் கண்டார். உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. 1953 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் அம்மறுப்பையே உறுதிசெய்தது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. தன் குடிகள் யாவரென வரையறுத்தல் ஒரு நாட்டுக்கு இயல்பான உரிமையே என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொல்லை அளந்த நீதிபதிகள், அச்சொல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் விளைவித்த பயனை அளந்தாரில்லை.

பிழையான வாசிப்பு எனினும் பின்வருவோர் திருத்தலாமன்றோ? அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. தனிச் சிங்களச் சட்டத்தின் விளைவாகச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரசாங்க ஊழியர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், அச்சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1967 இல், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்காட இயலாதெனக் கூறி, மூல வினாவைத் தொடாமலே வழக்கைத் தள்ளியது. 1969 இல் கோமறைக் கழகம் அதனைத் தவறெனக் கண்டு, மூல வினாவை ஆராயுமாறு திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை பிறக்குமுன் 1972 ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு வந்தது. 29 ஆம் பிரிவு மறைந்தது. அமெரிக்காவில் வாசகம் நிலைத்து நின்றது, வாசிப்போர் திருந்தினர். இங்கோ வாசிப்போர் திருந்துமுன் வாசகமே அகற்றப்பட்டது.

1978 ஆம் ஆண்டு யாப்பு அடிப்படை உரிமைகளை நீதிமன்றத்தின் காவலில் வைத்தது உண்மையே. ஆனால், நிறைவேறிய சட்டமொன்றின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராயலாகாதென 80 ஆம் உறுப்புரை தடுத்தது. மசோதாவாக இருக்கும்பொழுதே அதனை ஆராய்தல் வேண்டும். மார்ஷல் 1803 இல் பெற்ற அதிகாரம் நம் நீதியரசர்க்கு மறுக்கப்பட்டது. அன்றியும், தமக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிமன்றத்தில் புதிய நீதியரசரைச் சேர்க்க ரூஸ்வெல்ட் 1937 இல் முயன்று தோற்றார். ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் யாப்போ நடைமுறைக்கு வந்த அன்றே உயர் நீதிமன்ற நீதியரசர் அனைவரின் பதவியும் அற்றுப்போயிற்று. அவர் விரும்பியோரே மீண்டும் அமர்த்தப்பட்டனர்.

இத்தகைய நிலையிலும் நீதி தலைநிமிர்ந்த நாள் உண்டு. 2018 நவம்பர் 9 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தன் முதலியோர் தொடுத்த வழக்கில், டிசம்பர் 13 இல், ஏழு நீதியரசர் ஒருமனதாய் அச்செயல் யாப்புக்கு முரணானதென்றனர். அவ்வாயத்துக்குத் தலைமை தாங்கிய நளின் பெரேராவை இரு மாதங்களுக்கு முன் பிரதம நீதியரசராக நியமித்தவரும் அதே ஜனாதிபதிதான். எனினும், அந்த நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அப்பேரவையின் கதையைப் பாருங்கள். 2001 இல் தோன்றி, 2010 இல் நீக்கப்பட்டு, 2015 இல் மீண்டு, 2020 இல் மறுபடியும் நீக்கப்பட்டு, 2022 இல் திரும்பவும் உயிர்பெற்றது. ஆள்வோர் மாறுந்தோறும் நீதியரசரைத் தேர்வோரும் மாறினர்.

மலையக மக்களின் குடியுரிமைச் சிக்கலுக்கு இறுதியான தீர்வு 2003 ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தாலேயே கிட்டியது. ருவன்வெல்லை வழக்கின் தீர்ப்புக்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வாக்கின்றியே மடிந்தது. எனவே, புதிய யாப்பு எனும் பேச்சு எழும்பொழுதெல்லாம், அழகிய உரிமைகள் எத்தனை எழுதப்பட்டுள்ளன என்று எண்ணுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. அவற்றை வாசிப்போர் யார், அவரைத் தேர்வோர் யார், பிழையாய் வாசித்தாற் பின்வருவோர் திருத்துவதற்கு அவ்வாசகம் அங்கே எஞ்சியிருக்குமா என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். ஜெனிங்ஸ் வளர்த்த கழகத்தில் அரசியல் பயிலும் மாணவரும், அவருக்குப் பயிற்றும் ஆசிரியரும் இவ்வினாக்களை மறவாதிருப்பாராக.