ஆற்றை அளப்பது யாருக்காக?

"தண்ணி செவந்தா மேல மண்ணு சரிஞ்சிருக்கு, ஆத்துப் பக்கம் போகாத" என்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பாட்டி என்னை எச்சரிப்பார்.

இன்று நான் சுற்றுச்சூழல் அறிவியல் மாணவன். மலேசிய ஆறுகளின் தரம், கரைந்த உயிர்வாயு, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள் உள்ளிட்ட 6 கூறுகளால் கணிக்கப்பட்டு 5 வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. பாட்டி கண்ட சிவப்பைத்தான் நாங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் திடப்பொருள் என்று எழுதுகிறோம்.

மலைக்காட்டை வெட்டினால் மழை நேராக மண்ணை அடிக்கிறது. அம்மண் ஆறுகளில் இறங்கி, 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. தேக்கம் கொள்ளும் நீர் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின.

விடுமுறையில் இந்தக் கணக்கைப் பாட்டியிடம் விளக்க முயன்றேன். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த எனக்குச் சொல் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மேலே அளப்பவரும் கீழே வாழ்பவரும் பேசிக்கொள்ளாவிட்டால் அளவீடு வெறும் எண்தான். கருவிகள் பெருகட்டும், ஆனால் அவை காட்டும் எண், தோட்டத்து வீட்டில் புரியும் மொழியில் எச்சரிக்கையாகப் போய்ச் சேர வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளுக்குக் கதை சொல்லச் செல்லும் நாம், அடுத்த முறை கலங்கல் அளக்கும் குழாய் ஒன்றையும் கொண்டுசெல்வோம். பிள்ளைகள் தங்கள் ஆற்றைத் தாங்களே அளந்து தமிழில் எழுதட்டும். தமிழை வளர்ப்பது மேடையில் மட்டுமா? ஆற்றங்கரையிலும்தான், நண்பர்களே!