கரண்ட் விலை ஏறினால் எல்லோருக்கும் ஒரே அடியா? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சொல்லும் கணக்கு

விலை ஏறினால் ஜனங்கள் சிக்கனமாகிவிடுவார்கள் என்று சொல்வார்கள். பாதி உண்மை. மாற்று வழி இருப்பவர் மட்டும்தான் சிக்கனமாக முடியும். வழி இல்லாதவருக்கு விலை உயர்வு என்பது வெறும் அபராதம். விருதுநகர் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களான ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் வீடு

தமிழ்நாட்டில் 2014-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் மின்கட்டணம் ஏறவே இல்லை. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போக, மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 செப்டம்பரில் மொத்தமாக ஏற்றினார்கள். அப்போதைய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். அதுவே 501 ஆனால் 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மலிவு விலை கையைவிட்டுப் போய்விடும் என்பதால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 233 ரூபாய்!

இது தெரிந்த வீடுகளில் என்ன நடக்கிறது? மீட்டரைப் பார்த்துவிட்டு ஏசியை அணைக்கிறார்கள், வாட்டர் ஹீட்டரைக் குறைக்கிறார்கள். இங்கே விலை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. காரணம், சுவிட்ச் நம் கையில் இருக்கிறது.

பால்கோவா அடுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர். அதில் பெரும்பகுதியை வற்றவைப்பதுதான் பால்கோவா தொழில். அதாவது பாலுக்கும் சர்க்கரைக்கும் அடுத்து, நீங்கள் காசு கொடுப்பது எரிபொருளுக்கு.

வணிக சிலிண்டர் விலை மாதாமாதம் மாறும். ஆனால் இங்கே அடுப்புக்கு விறகு உண்டு, முந்திரிக் கொட்டை ஓடும் உண்டு. ஒன்று விலை ஏறினால் இன்னொன்றுக்குப் போகலாம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது போல பால் விலை ஏறும்போதும், கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டி விற்கலாம். கோயிலுக்கு வந்தவர் அரைக் கிலோ வாங்குகிற இடத்தில் கால் கிலோ வாங்குவார், அவ்வளவுதான். சுமையை வாங்குபவரோடு பகிர்ந்துகொள்ள முடிகிறது.

நூற்பாலைக்கு எங்கே வழி?

ராஜபாளையம் கதை வேறு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த நூற்பாலை ஊர் இது. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட். நூல் விலையைத் தீர்மானிப்பது சந்தை. வடமாநில மில் என்ன விலைக்குத் தருகிறதோ, அதை ஒட்டித்தான் இவரும் தர வேண்டும். ஏறிய கரண்ட் செலவை அப்படியே நூல் விலையில் ஏற்ற முடியாது.

சரி, உபயோகத்தைக் குறைக்கலாமே? உச்ச நேரமான காலை நாலு மணி நேரத்துக்கும் மாலை நாலு மணி நேரத்துக்கும் 25 சதவீதம் கூடுதல் கட்டணம். மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில் எந்த எட்டு மணி நேரத்தை நிறுத்துவது?

இதைவிடக் கொடுமை டிமாண்ட் கட்டணம். 2022-ல் கேவிஏ-வுக்கு மாதம் 350 ரூபாயாக இருந்தது 550 ஆனது. ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்காவது கட்டியாக வேண்டும். 500 கேவிஏ வாங்கிய சின்ன மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு குறைந்தபட்சம் 1,57,500 ரூபாய் கட்டியவர், அதன்பின் 2,47,500 கட்ட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மில்லை நிறுத்தினாலும் நஷ்டம், ஓட்டினாலும் நஷ்டம். அதன் பிறகும் ஜூலை தோறும் தொழிற்சாலைக் கட்டணம் ஏறியது: 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம்.

பெரிய மில்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் சொந்தக் காற்றாலை போடுவார்கள், கூரையில் சோலார் வைப்பார்கள். அதற்கு முதல் வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்காரருக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். நல்லதுதான். ஆனால் நூல் விலை எகிறினால் அந்தச் சலுகை காப்பாற்றாது.

என்ன செய்யலாம்?

கட்டணமே ஏறக் கூடாது என்று கேட்பதில் நியாயம் இல்லை. எட்டு ஆண்டு அடக்கி வைத்ததன் விளைவைத்தான் 2022-ல் பார்த்தோம். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறுவதைத் தாங்கலாம். ஆனால் சிறு ஆலைகளுக்கு டிமாண்ட் கட்டணத்தை உண்மையில் பதிவான அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும். இரவு நேரத்துக்கு இப்போதுள்ள 5 சதவீதத் தள்ளுபடியைக் கூட்ட வேண்டும். நாலைந்து சின்ன மில்கள் சேர்ந்து சோலார் போட எளிய கடன் வேண்டும்.

விலையை ஏற்றுகிற அரசு, அந்த விலையிலிருந்து தப்பிக்க ஒரு வழியையும் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமாவது மின்சாரம் அல்ல, பூட்டிய மில்கள்தான்.