ஆரம்பகால அமெரிக்க வரலாறும் யாழ்ப்பாணமும்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆவது ஆண்டான 2026ஐ ஒட்டி, அந்நாட்டின் தொடக்க வரலாறு மீண்டும் விவாதத்துக்கு வந்துள்ளது. அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கருக்கும் நிலம் பறிகொடுத்த பழங்குடிகளுக்கும் அவ்வரலாற்றில் உரிய இடம் எது என்பதே முக்கிய கேள்வி. இவ்விவாதத்தில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. பிரகடனம் வெளியாகிச் சரியாக 40 ஆண்டுகளில் அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டில் வந்து தங்கிவிட்டனர்.

அவர்களை அனுப்பிய சங்கம் 1810இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. 1812இல் கல்கத்தாவுக்குச் சென்ற அதன் முதல் மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தங்கவிடவில்லை. பிரித்தானியாவும் அமெரிக்காவும் போரிட்ட காலம் அது. இலங்கையோ கம்பெனிக்கு உட்படாத முடிக்குரிய குடியேற்ற நாடு. ஆளுநர் பிரவுன்றிக் அனுமதி வழங்கினார். டானியல் பூவர் உள்ளிட்டோர் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் உருவாயின. அடுத்து வந்த ஆளுநர் பார்ன்ஸ் அச்சடிப்பவர் ஒருவரைக்கூட உள்ளே விடாததால், மானிப்பாய் அச்சகம் 1830களில்தான் இயங்கத் தொடங்கியது. 'உதயதாரகை' பத்திரிகை 1841இலும், மானிப்பாய் அகராதி 1842இலும் வெளிவந்தன.

இதே சங்கம் 1817இல் அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியினரிடையேயும் பாடசாலை தொடங்கியது. செரோக்கியர் தமது எழுத்திலேயே 1828இல் செய்தித்தாள் நடத்தினர். சங்கத்தின் மிஷனரி சாமுவேல் வூஸ்டர் அதற்குத் துணைநின்றார். செரோக்கி நிலத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று 1832இல் அவரது வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1838இல் அம்மக்கள் படைபலத்தால் வெளியேற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியில் மாண்டனர்.

ஆக, ஒரே சங்கத்தின் கல்வி இரு சமூகங்களில் இரு வேறு விளைவுகளைத் தந்தது. காரணம் கல்வியில் இல்லை. நிலத்திலும் அதிகாரத்திலும் இருந்தது. யாழ்ப்பாணத்தின் காணிகளை அமெரிக்கக் குடியேறிகள் கேட்கவில்லை. திண்ணைப் பள்ளிகளும் ஏட்டுக் கல்வியும் கொண்ட சமூகம், வந்தவற்றுள் வேண்டியதை எடுத்துக்கொண்டது. செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வெஸ்லியன் மிஷனில் கற்ற ஆறுமுக நாவலர் பாடசாலையையும் அச்சையும் சைவத்துக்கு அரணாக்கினார். ஆங்கிலக் கல்வி மதப்பணியைவிட உத்தியோகத்துக்கே உதவுகிறது என்று கருதி, செமினரியைச் சங்கம் 1855இல் மூடியது. உள்ளூர் மக்களின் வேண்டுகோளே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறக்க வழிசெய்தது.

இவ்வரலாறு இங்கே பெரும்பாலும் நன்றிக்கடனாகவோ மதமாற்றக் குற்றச்சாட்டாகவோ சொல்லப்படுகிறது. இரண்டுமே மிஷனரியை நடுவில் நிறுத்தி, கற்றவரையும் எதிர்த்தவரையும் ஓரத்தில் வைக்கின்றன. சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தமிழர் தரப்புச் சான்றுகள் வீட்டு ஏடுகளிலும் கோயில் ஆவணங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. நமது பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் அவற்றைத் திரட்டி, இரு தரப்பையும் பக்கம் பக்கமாக வைத்து மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.