காற்றுக்கு வழிவிட்ட வீடு

சித்திரைத் திங்களின் இரவில் வியாசர்பாடியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளினூடே செல்வோர், வீட்டினுள் உறங்கவேண்டிய முதியோரும் குழந்தைகளும் வாயிலிலும் மொட்டைமாடியிலும் கிடத்தலைக் காண்பர். பகலெல்லாம் உண்ட வெயிலைச் சுவர்கள் இரவிலே உமிழுகின்றன. இதனைக் கோடையின் குற்றமென்று கூறி அமைதல் நம் வழக்கம். கட்டடத்தின் குற்றமென்பதே என் துணிபு.

இதற்குச் சான்று புதுச்சேரியில் உளது. அரவிந்த ஆசிரமத்தார் தங்குதற்கென 1937-இல் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா என்னும் இல்லமே அது. அதனை வகுத்தவர், 1888-இல் பொஹீமியாவிற் பிறந்து, பிராங்க் லாயிட் ரைட்டுடன் தோக்கியோ சென்று அங்கே தொழில் நிறுவிய ஆன்டனின் ரேமண்ட். கட்டடக் கலையின் புதுநெறியாருள் முன்னோருள் ஒருவர்.

வியாசர்பாடியின் அடுக்குகளைப்போல் அவ்வில்லமும் கான்கிரீட்டால் ஆயதே. எனின், வேற்றுமை யாது? அதன் நெடும் பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குவன. காலை மாலை வெயில் குறும் பக்கங்களையே தாக்கும். நெடும் பக்கங்களிற் கண்ணாடிச் சாளரம் இல்லை. வேண்டியவாறு திருப்பத்தக்க கிடைப்பலகைகள் நிரைநிரையாய் நின்று, வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. அறைக் கதவுகளும் இடைவெளியிட்ட மரச்சட்டங்களால் ஆயவை. ஆதலின் அவற்றை மூடினும் காற்று நில்லாது. மேல்தளத்தின்மீது வளைந்த ஓடுகள் இடைவெளி விட்டு வேயப்பட்டுள்ளன. அப்பலகைகள் கல்நார் கலந்தவை. கல்நார் நுரையீரலுக்குக் கேடென்பதை இன்று அறிவோம். ஆதலின் பொருளை விடுத்து முறையைக் கொள்ளுதல் வேண்டும்.

நாமோ மாறாகச் செய்தோம். புதுநெறியாரின் அணியற்ற சுவரையும் நேர்க்கோட்டு வடிவையும் நம் நகரத்து வீடுகளுக்குக் கொண்டோம். அவற்றுக்கு உயிராகிய காற்றை மறந்தோம்.

குடிசைகள் தீக்கிரையாகி வந்த நாளில், 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் உறுதியான கூரை தந்தது பேருதவியே. ஏழைக்கு அதுவே போதும் என்பாரும் உளர். திசை நோக்கிக் கட்டுதற்கு எவ்வளவு பொன் வேண்டும்? பாண்டியன் அரண்மனைக்குக் கோல் நட்டு, நிழல்கொண்டு திசை தெளிந்தமையை நெடுநல்வாடையில் நக்கீரர் கூறுகின்றார். அரசனுக்குப் பார்த்த திசையைச் சுமைதூக்கும் தொழிலாளிக்குப் பார்த்தலாகாதோ?

பழைய அடுக்குகளை இடித்துப் புதியன எழுப்பும் இந்நாளில், எத்தனை வீடுகள் என்று கேட்குமுன், காற்று எவ்வழி வரும் என்று கேட்போமாக. ஆண்டவர் விலையின்றி அளித்ததை ஏழையின் வாயிலில் நாம் தடுத்தல் தகாது.