நான்கு மணி நேரப் பயணமும் தவறிப்போகும் ஸுபுஹும்



நம் தஞ்சைத் தரணியின் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களில், சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஒருவரையேனும் அனுப்பாத குடும்பத்தைக் காண்பது அரிது. திருச்சி விமான நிலையத்திலிருந்து இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ.; வானில் சுமார் 4 மணி நேரம். தொலைவு ஒன்றாயினும் தொழுகையின் கணக்கு ஒன்றன்று.

நம் நேரப்படி இரவு 2 மணிக்கு இரு விமானங்கள் புறப்படுவதாகக் கொள்வோம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே அங்கு செல்பவர் 4.30 மணிக்கு இறங்குகிறார். சூரிய உதயத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும். தரையிலேயே ஸுபுஹைத் தொழுதுவிடலாம். சிங்கப்பூர் நேரமோ நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கு செல்பவர் இறங்கும்போது மணி 8.30. அங்கே சூரிய உதயம் 7 மணியளவில். அதாவது, ஸுபுஹின் வக்து வங்கக் கடலுக்கு மேலே பிறந்து, வானிலேயே முடிந்தும் விடுகிறது.

"இறங்கியபின் களாச் செய்துகொள்ளலாம்" என்று பலர் எளிதாகக் கூறுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பயணிக்கு மார்க்கம் அளித்த சலுகைகள் உண்மையே. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரை அஸருடனும், மஃக்ரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். ஆனால் ஸுபுஹுக்குச் சுருக்குதலும் இல்லை, சேர்த்தலும் இல்லை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் அறிவிக்கிறது.

எனவே, விமானம் ஏறுமுன் உளூச் செய்துகொள்ளுங்கள். கிழக்கு நோக்கிப் பறக்கையில் கிப்லா நம் முதுகுக்குப் பின்னே இருக்கும். இருக்கையில் அமர்ந்தபடி தொழுதால் திசை மாறிவிடும். பணியாளரிடம் பணிவாகக் கேட்டு, இடமுள்ள பகுதியில் விமானத்தின் வால்புறம் நோக்கி நின்று தொழுங்கள். அதற்கு வழியே இல்லையெனில் இயன்றவாறு தொழுங்கள். பின்னர் மீட்டித் தொழ வேண்டுமா என்பதை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறியுங்கள். உயரத்தில் சூரியன் முன்னதாகவே தென்படும் என்பதால் தாமதம் கூடாது.

முற்காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தனர். அவர்களுக்கு வக்துகள் ஒவ்வொன்றாக, நிதானமாக வந்தன. நமக்கு அவை விரைந்து வந்து விரைந்து மறைகின்றன. அதனால் நம் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று நாள் எண்ணிக் காத்திருக்கும் மண் நம்முடையது. பருவம் தவறிய நாற்றின் கதி நமக்குத் தெரியும். பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர், "பாஸ்போர்ட் எடுத்தாயா?" என்று கேட்பதோடு, "ஸுபுஹ் எங்கே தொழுவாய்?" என்றும் கேட்கட்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே அக்கேள்வி எழுமானால் இன்னும் நன்று.

வக்தைப் பேணித் தொழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.